மண்டோருக்கு, சனிக்கிழமைப் பெரட்டு விஷயமாக

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள மண்டோருக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய படத்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும், இந்தக் கடிதத்தை மட்டும் பாதியில் மூடி வைத்துவிடாதே. அம்மா நலம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை சாப்பிடச் சொன்னால் நல்லெண்ணெய் போதும் என்கிறார். சின்னவள் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டாள். நம் லயத்து வீடுகளை இடித்த இடத்தில் செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள். உன் வீடு எங்கே இருந்தது என்று அந்தக் கொய்யா மரத்தை வைத்துத்தான் இப்போது அடையாளம் சொல்ல முடிகிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் எல்லாரும் இணையம் வழியாக ஒன்றாகச் சேர்ந்து விளையாட நான் ஒரு சர்வர் போட்டிருக்கிறேன் மண்டோர். கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6, நம் துப்பாக்கி விளையாட்டு. ஆமாம், அதேதான். தவ்க்கேயின் சிசி கம்ப்யூட்டர் கடையில் மணிக்கு இரண்டு வெள்ளி கொடுத்து, சட்டையெல்லாம் சிகரெட் வாடையோடு வீட்டுக்குப் போய் அடி வாங்கினோமே, அதே விளையாட்டு. இப்போது அது என் வீட்டுக் கூடத்தில், டிவிக்குக் கீழே, இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் மொட்டையின் மகளுடைய காதணி விழாவில்தான் இது தொடங்கியது. எட்டு வருஷத்துக்கு அப்புறம் நாங்கள் ஐந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். சம்பளம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ தவ்க்கே பெயரை எடுத்தார்கள். அவ்வளவுதான், சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் இரண்டு மணி நேரம் போனது. டஸ்ட்2 களத்தில் யார் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள் என்று மொட்டை விரலால் மேசைத்துணியில் வரைந்து காட்டினான். அவன் மனைவி பார்த்துச் சிரித்தார். அன்று இரவே முடிவு செய்துவிட்டேன்.

ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை 250 வெள்ளிக்கு வாங்கினேன். நான்கு ஜிபி ரேம். இந்த விளையாட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம், 2003-இல் வந்த சாமான்தானே. விண்டோஸை அழித்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டேன். படம், சன்னல், மவுஸ் ஒன்றும் கிடையாது. கறுப்புத் திரை, மின்னுகிற கோடு, நான் அடிக்கிற கட்டளை. எழுத்து எழுத்தாகத்தான் எல்லாம். ஸ்பேனர் பிடித்த கை, உனக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது, அப்புறம் பிடித்துப்போனது. என்ன கேட்கிறாயோ அதைத்தான் செய்யும், செய்யாவிட்டால் ஏன் என்று ஒரு வரி சொல்லும்.

சில நேரம் அந்த ஒரு வரிதான் ஆளைக் கொல்லும். சர்வர் கோப்புகளை இறக்க ஸ்டீம்சிஎம்டி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. இறக்கினேன், அவிழ்த்தேன், இயக்கினேன். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றது. கோப்புப் பட்டியலைக் காட்டும் எல்எஸ் கட்டளையை அடித்துப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. திரும்ப இயக்கினால் மறுபடியும் இல்லை. இரவு இரண்டு மணி வரைக்கும் இதே கதை. கடைசியில் பார்த்தால், அந்தக் கருவி பழைய 32-பிட் காலத்தது, என் டெபியனோ 64-பிட். கோப்பு இருக்கிறது, அதை ஏற்றி ஓட்ட வேண்டிய 32-பிட் நிரல் நூலகம்தான் இல்லை. அதைத்தான் ‘கோப்பு இல்லை’ என்று சொல்லியிருக்கிறது. நூலகத்தைப் போட்டதும் மறு நிமிடம் ஓடியது. அப்புறம் ‘ஆப் அப்டேட் 90’ என்று ஒரு கட்டளை. 90 என்பது ஹாஃப்-லைஃப் சர்வரின் எண், நம் விளையாட்டு அதன் மேல்தான் ஓடுகிறது. இந்தப் பழைய கோப்புகள் ஒரே மூச்சில் இறங்காது, பாதியில் நிற்கும், அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். எனக்கு ஐந்தாவது தடவையில் முழுசாக இறங்கியது.

அமைப்புகள் ஏறக்குறைய எல்லாம் சர்வர்.சிஎஃப்ஜி என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. அதைத் திறந்து வைத்துக்கொண்டு நம் சட்டங்களை ஒவ்வொன்றாக எழுதினேன். பெயர்: பெரட்டு, தோட்டத்தில் காலையில் மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவாரே, அது. ஆட்கள்: 12, இதை மட்டும் சர்வரை இயக்கும் கட்டளையில் கொடுத்தேன். ஃப்ரெண்ட்லி ஃபயர் உண்டு, சொந்த ஆளைச் சுட்டால் சாவான், தவ்க்கே கடையில் இருந்த மாதிரியே. தொடக்கப் பணம் 800, குண்டு வெடிக்க 45 விநாடி, இரண்டையும் தொடவில்லை. ரவுண்டு நேரம் 5 நிமிடமாக இருந்ததை இரண்டரை ஆக்கிவிட்டேன், பெட்டிக்குப் பின்னால் ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கடைசி விநாடி வரைக்கும் குந்தியிருக்கிற ஆட்களுக்காக. உன்னைத்தான் சொல்கிறேன். ஆர்கான் என்று, தூரத்திலிருந்தே சர்வரை ஆட்டி வைக்க ஒரு வசதி உண்டு. அதை நான் திறக்கவே இல்லை. இந்தப் பழைய விளையாட்டில் அதன் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் வழியெல்லாம் போகும். வேண்டியதை எஸ்எஸ்எச் என்ற மறைப்புள்ள வழியில் உள்ளே போய்ச் செய்துகொள்கிறேன்.

எல்லாம் சரி, வீட்டுக்குள் விளையாட முடிந்தது. வெளியிலிருந்து யாராலும் வர முடியவில்லை. இது ஒரு வாரத்தைத் தின்றது.

தோட்டத்தில் கடிதம் எப்படி வரும்? எல்லாம் ஆபீஸுக்கு வரும், கிராணி பெயர் பார்த்து லயத்துக்கு அனுப்புவார். வீட்டு ரவுட்டரும் ஒரு கிராணிதான். 27015 என்ற போர்ட்டுக்கு, அதாவது சர்வரின் கதவு எண்ணுக்கு, யூடிபி முறையில் எது வந்தாலும் டிவிக்குக் கீழே இருக்கிற பெட்டிக்கு அனுப்பு என்று அதனிடம் சொல்லிவைத்தேன். அப்படியும் ஒன்றும் வரவில்லை. பிறகுதான் ரவுட்டரின் வெளி முகவரியைப் பார்த்தேன், 100.70 என்று தொடங்கியது. 100.64-இலிருந்து 100.127 வரைக்கும் உள்ள முகவரிகளை, ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்வதற்காக என்றே 2012-இல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதாவது என் கிராணிக்கு மேலே இன்னொரு பெரிய கிராணி இருக்கிறார், அவரிடம் என் பெயரே கிடையாது. இங்கிருந்து போகிற கடிதத்துக்குப் பதில் வரும், வெளியார் தானாகப் போடுகிற கடிதம் அங்கேயே நின்றுவிடும். இணைய நிறுவனத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். முதல் இருவருக்கும் நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. மூன்றாவதாக எடுத்த பெண் தமிழ்ப் பிள்ளை. நான் சொல்லி முடிப்பதற்குள் ‘உங்களுக்குத் தனிப் பொது முகவரி வேணும், அவ்வளவுதானே அண்ணே’ என்றார். மறுநாள் கிடைத்தது. அந்த முகவரியும் ரவுட்டர் அணைந்து எரிந்தால் மாறும். அதனால் ஒரு பெயரைப் பதிந்து, முகவரி மாறும்போதெல்லாம் அந்தப் பெயர் புது முகவரியைக் காட்டும்படி செய்திருக்கிறேன். நீ பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

முதல் சனிக்கிழமை ஏழு பேர். ஒன்பதரைக்குத் தொடங்கினோம். பத்தே முக்காலுக்கு நான் மடிக்கணினியை மூடினேன், மறு விநாடி எல்லாரும் வெளியே விழுந்தார்கள். நான் எஸ்எஸ்எச்-இல் உட்கார்ந்து சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தேன், சன்னல் மூடியதும் அதற்குள் ஓடிய சர்வரும் செத்துவிட்டது. அப்புறம் ஸ்கிரீன் என்ற கருவிக்குள் வைத்து ஓட்டினேன், கண்ட்ரோல்-ஏ, பிறகு டி அடித்தால் நாம் வெளியே வந்துவிடலாம், உள்ளே அது பாட்டுக்கு ஓடும். இப்போது அதுவும் போய், நிரல்களைத் தானாக இயக்கிப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம்டியில் சேர்த்துவிட்டேன். விழுந்தால் தானே எழுந்துகொள்ளும். சாயங்கால இடி உனக்கு மறந்திருக்காது. ஒரு மோடம் அதில் கருகிவிட்டது. இப்போது வானம் கறுத்தாலே சின்னவள் ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றுகிறாள். கரண்டு திரும்பினால் பெட்டி தானாக எரியும்படி பயாஸில் மாற்றி வைத்திருக்கிறேன். பிளக்கைப் போட்ட இரண்டு நிமிடத்தில் பெரட்டுக்களம் திறந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லவா உனக்குக் கடிதம்? இதுவும்தான். ஆனால் இதற்காக மட்டும் இல்லை.

சர்வர் எல்லாவற்றையும் லாக் எழுதும். யார் வந்தார், யார் போனார், யார் யாரை எதால் சுட்டார், என்ன பேசினார், எல்லாம் மணி, நிமிடம், விநாடியோடு. மூன்றாவது சனிக்கிழமை லாக்கிலிருந்து அப்படியே எழுதுகிறேன்:

21:47:03, ‘பால்வாளி’, கனெக்டட்.
21:47:19, ‘பால்வாளி’, எண்டர்ட் தி கேம்.

குட்டி.

மோட்டார் விஷயம் நடந்த இரவு குரூப்பை விட்டுப் போனவன். பாசிர் கூடாங்கில் இருக்கிறான் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய நம்பருக்குத்தான் முகவரியை அனுப்பி வைத்தேன், ஒற்றை டிக்கோடு நின்றது. பிறகு எப்போது பார்த்தானோ. ஹெட்செட் இல்லை, வணக்கமும் இல்லை. முதல் ரவுண்டில் 650 கொடுத்து டெசர்ட் ஈகிள் வாங்கினான். கவசத்துக்குக் காசு வைக்கவே மாட்டானே, அப்படியே. நேராக பி சுரங்கத்துக்குள் ஓடினான். மொட்டை மைக்கில் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போய்விடுவானோ என்று எல்லாருக்கும் ஒரே பயம்.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு வரி அடித்தான். ‘மண்டோர் பெரட்டு எடுக்கலயா’.

பெர்த்தில் இருக்கிறாய் என்று நான் அடித்தேன். ‘தெரியும்’ என்றான். ஒரு மணி வரைக்கும் விளையாடினான். போகும்போது, ‘அடுத்த வாரமும் இருக்குமா’. இருக்கும் என்றேன். அன்றைக்குத்தான் சிஸ்டம்டியில் சேர்த்தேன், விடிய நான்கு மணி வரைக்கும் உட்கார்ந்து. அவன் வரும்போது சர்வர் செத்துக் கிடக்கக் கூடாது.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஆனால் நேற்று வந்தான், எந்த அணியிலும் சேரவில்லை. பார்வையாளனாக ஒரு மணி நேரம், லாக்கில் ஒரு சொல் இல்லை, பிறகு போய்விட்டான். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவனுக்கு என்ன என்று நான் கேட்கலாம். கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பான், அடுத்த வாரம் வரமாட்டான். அவன் அன்றும் என்னிடம் சொல்லமாட்டான், உன்னிடம்தான் சொல்வான். நம் எல்லாருக்கும் அது தெரியும்.

மோட்டாரில் யார் பக்கம் நியாயம் என்று நான் இப்போதும் பேசப்போவதில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் உன்னைக் கேட்டான், அதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

தூரம், லேக், தாமதம் என்று காரணம் சொல்லாதே, அதையும் பார்த்துவிட்டேன். பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 4,600 கிலோமீட்டர் கேபிள் 2018-இல் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி நாருக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 46 மில்லிவிநாடி, இங்கே வர இன்னும் கொஞ்சம். அதோடு சர்வரிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது: நீ சுட்ட கணத்தில் உன் திரையில் அவன் எங்கே நின்றானோ, அந்த இடத்துக்கே பின்னால் போய்க் கணக்குப் பார்க்கும். நீ தூரத்தில் இருக்கிறாய் என்பதற்காக உன் குண்டு தவறிவிடாது. மணியும் ஒன்றேதான், உனக்கு ஒன்பதரை என்றால் எங்களுக்கும் ஒன்பதரை. இரவு வேலை என்றால் சொல், வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொல்லி எல்லாரையும் நான் கேட்கிறேன்.

விளையாட்டைத் திறந்து, ஆங்கில விசைப்பலகையில் ஒன்றுக்கு இடப்பக்கம் இருக்கிற விசையைத் தட்டினால் கன்சோல் வரும். அதில் முதலில் பாஸ்வேர்ட் என்று அடித்துக் கடவுச்சொல், பிறகு கனெக்ட் என்று அடித்து முகவரி. முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். கடவுச்சொல், நேரம் முடியும்போது தவ்க்கே மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வாரே, அதுதான். இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் அடி.

நீ வருவாய் என்று குட்டியிடம் நான் சொல்லவில்லை. வேறு பெயரில் ஒளிந்து வராதே, ‘மண்டோர்’ என்றே வா.

உன்
ஸ்பேனர்