பல் கெட்டால் எல்லாப் பழியும் தண்ணீர் மேலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் யாருக்குப் பல் கெட்டாலும் "எல்லாம் போர் தண்ணி பண்ற வேலை" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பல்லில் விழுந்த பழுப்புக் கறைக்கு அது சரி. சின்ன வயதில் ஃப்ளூரைடு கூடுதலான தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு வந்த கறை அது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் 2013இல் வந்தது. ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பல் சொத்தையாவதும், ஈறு வீங்கி ரத்தம் வருவதும் தண்ணீரால் அல்ல.

என் கடைக்கு வரும் சுமைத் தொழிலாளர்களைத் தினமும் பார்க்கிறேன். விடியுமுன் டீயும் வர்க்கியும். ஒரு லோடு ஏறினதும் மறுபடி டீ, தேங்காய் பன். நடுவில் கடலை மிட்டாய். எல்லாவற்றுக்கும் "அண்ணே, சர்க்கரை தூக்கலா!" அதில் ஒருவர் வர்க்கியைக் கடிக்க முடியாமல் டீயில் முக்கி, நன்றாக ஊறியதும் வலது கடைவாய்க்கு ஒதுக்கி விழுங்குவார். இடது பக்கம் பல் ஆடுகிறதாம். சர்க்கரையைக் குறைக்கட்டுமா என்றால், "அதுவும் இல்லாட்டி எதைத் தின்னுட்டு மூட்டை தூக்கறது?" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இனிப்பு உள்ளே போனதும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த டீ வந்துவிடுகிறது. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஈறு இறங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். வெளியே தெரியும் வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, சீக்கிரம் அரித்துவிடும். சர்க்கரை நோயும் இருந்தால் ஈறு இன்னும் கெடும். ஈறு கெட்டால் சுகரைக் கட்டுக்குள் வைப்பதும் சிரமம். (நாம் திட்டுகிற அதே ஃப்ளூரைடு, பேஸ்ட்டில் அளவோடு இருந்தால் சொத்தையைத் தடுக்கும் என்பது வேடிக்கைதான்.)

டீக்கடைக்காரனே இதை எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். வீட்டிலும் திட்டுதான். இருந்தாலும் டீ குடித்தவர்கள் வாய் கொப்பளிக்க ஒரு குடம் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்ப்பவர்கள் பல்லையும் ஈறையும் சேர்த்துப் பார்த்து, தேவைப்பட்டவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பல் முகாம் நடத்தினால் காலையில் பள்ளிக்கூடத்தில் வேண்டாம். அந்த நேரத்தில் மண்டி ஆட்கள் யாரும் வர முடியாது. சரக்கு ஏறி முடிந்தபின், மதியத்தில், மண்டியிலேயே நடத்துங்கள். பெஞ்சும் தண்ணீரும் என் கடையிலிருந்து தருகிறேன்.

இப்படிக்கு,
டீக்கடைக்காரர் ஒருவர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.