எங்கள் அப்பாக்களின் பெயரையும் எழுதுங்கள்

பெங்களூரிலும் மும்பையிலும் துகள் இயற்பியல் ஆய்வில் இருக்கும் அறிஞர்களுக்கு வணக்கம்.

நான் பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறேன். பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சொந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர். இப்போது அவருக்கு 82 வயது. மாரிக்குப்பம் பக்கம் பழைய லைன் வீட்டிலேயே இருக்கிறார். இங்கே வந்துவிடுங்கள் என்றால் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சென்ற மாதம் இந்த நகரில் நியூட்ரினோ பற்றி, அதாவது எதிலும் எளிதில் சிக்காமல் ஊடுருவிப் போகும் நுண்துகளைப் பற்றி, ஒரு பொதுச் சொற்பொழிவு நடந்தது. மாணவிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அருமையான உரை. சீனாவில் தரைக்கடியில் 700 மீட்டர் ஆழத்தில், துகள் பட்டால் ஒளிரும் 20,000 டன் திரவத்தோடு ஜூனோ என்ற நியூட்ரினோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியிருக்கிறது. முதல் 59 நாள் தரவை வைத்தே, நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுவதைச் சொல்லும் இரண்டு அளவுகளை முன்பைவிடத் துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டார்கள். மத்தியதரைக் கடலடியில் இருக்கும் கேஎம்3நெட் கருவியில் 2023 பிப்ரவரி 13 அன்று சிக்கிய நியூட்ரினோவின் கதையையும் உரையாளர் சொன்னார். அதன் ஆற்றல் சுமார் 220 பீட்டா எலக்ட்ரான்வோல்ட். ஜெனீவா அருகே துகள்களை மோதவிடும் பெரிய வளையத்தில் ஓடும் புரோட்டானின் ஆற்றலைவிடப் பல்லாயிரம் மடங்கு. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

நடுவில் எங்கள் ஊர் வந்தது. 1965இல், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று என்று சொன்னார். கருவியின் கறுப்பு வெள்ளைப் படம், ஆய்வாளர்களின் பெயர்கள், சுரங்கத்தின் ஆழம் எல்லாம் திரையில் இருந்தன. அரை நிமிடத்தில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், அந்த மெஷினை அவ்வளவு ஆழத்துல யாரு இறக்கி வச்சாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

அப்பா சொல்லக் கேட்டதை எழுதுகிறேன். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. ஷிப்டுக்குப் போகும்போது கையில் பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள். மேலே வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆள் திரும்பிவிட்டான் என்று கணக்கு. கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் இறங்க இறங்கக் காது அடைக்கும். கீழே பாறையே சுடும். சட்டையைக் கழற்றிப் பிழிந்து, திரும்பப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்களாம். அந்த ஆழத்தில் ஒரு குடைவைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, மின்விளக்குப் போட்டு, மும்பையிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு 'சயின்ஸ் ரூம்' என்று பெயர் வைத்தார்கள். ஈயப் பலகையும் பிளாஸ்டிக் பலகையும் கண்ணாடிக் குழாய்களும் பெட்டி பெட்டியாக இறங்கின. உடைந்தால் ஜப்பானிலிருந்துதான் வரவேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவைத்திருந்தாராம். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினோம் என்பார் அப்பா. டிராலியில் வைத்தால் தண்டவாள இணைப்பில் அதிரும் என்று சில பெட்டிகளைத் தோளிலேயே கொண்டுபோனார்களாம்.

"என்னத்தப்பா தேடினாங்க?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சத்தமே போடாத ஒரு சாமானைத் தேடுறாங்கம்மா. மேல ஊரெல்லாம் கூச்சல். அதான் கீழ வந்துட்டாங்க" என்றார்.

இயற்பியல் படித்த பிறகுதான் அது எவ்வளவு சரியான விளக்கம் என்று புரிந்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி, மியூயான் என்ற துகள்களையும் நியூட்ரினோக்களையும் பொழிகின்றன. தரைமேல் கருவி வைத்தால் மியூயான் மழைதான் பதிவாகும். நியூட்ரினோ அதில் மறைந்தே போகும். அந்த மழையைத் தடுக்கக் கிலோமீட்டர் கணக்கில் பாறை தேவை. தங்கவயலில் 2.7 கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருந்து, ஒரு மியூயான்கூட விழாததைப் பார்த்து ஆய்வாளர்கள் மகிழ்ந்தார்கள். அந்த அமைதிக்காகத்தான் வந்திருந்தார்கள். அப்புறம் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஒளிரும் பிளாஸ்டிக்கால் ஆன இரண்டு செங்குத்துச் சுவர்களை எதிரெதிரே நிறுத்தி, நடுவில், துகள் போன தடத்தைக் காட்டும் நியான் குழாய்களை அடுக்கினார்கள். எஞ்சிய மியூயான்கள் மேலிருந்து நேராகத்தான் இறங்கும். பக்கவாட்டில் ஒன்று ஓடினால், அது பாறைக்குள் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்கவேண்டும். 1965 ஆகஸ்டில் அந்த முடிவு அச்சானது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கமொன்றில் அமெரிக்க இயற்பியலாளர் ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவினர் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே பதிவு செய்திருந்தார்கள். அச்சில் முந்தியது தங்கவயல்.

தங்கவயல் ஆய்வைச் செய்த மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், ஜப்பானின் மியாகே, இங்கிலாந்தின் உல்ஃபெண்டேல் ஆகியோரின் பெயர்கள் என்றும் நிலைக்கவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பாறையைக் குடைந்து வழி செய்தவர்கள், வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புக்கு வந்த தமிழர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கல்லாகி, நாற்பது வயதில் போனவர்கள் எங்கள் லைனிலேயே பல பேர். பம்ப் நிற்காமல் ஓடியதும், காற்று கீழே போனதும், கேஜ் ஏறி இறங்கியதும் அவர்கள் கையால்தான். இதெல்லாம் இல்லாமல் அந்தக் கருவி ஒரு நாள்கூட இயங்கியிருக்காது.

1980இல் புரோட்டான் தானாகச் சிதையுமா என்று பார்க்க அதே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் இரும்பை அடுக்கினார்கள். சதுர இரும்புக் குழாய்கள், வரிசைமேல் வரிசையாக. அவற்றை இறக்கியதும் அப்பா கூட்டத்தார்தான். புரோட்டான் சிதைவதை இன்றுவரை யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வுக்கூடம், புரோட்டானின் ஆயுள் ஒன்றுக்குப் பின்னால் 34 பூஜ்யம் போட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நாங்க பார்த்ததுல தப்பில்லையே, கிடைக்கலைன்னு சொல்றதும் ஒரு பதில்தானே" என்றார். என் வகுப்பில் இதைவிட நன்றாக நான் சொன்னதில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். பம்ப் நின்றது, நீர் ஏறியது. அந்த அறைகளெல்லாம் இப்போது தண்ணீருக்குள். ஊர் இளைஞர்கள் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவு திரும்புகிறார்கள்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் லீட் என்ற சின்ன ஊர். அங்கே ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கம். எங்களுடையதைப் போலவே பழையது. அதிலும் 1960களில் நியூட்ரினோ ஆய்வு தொடங்கியது. சூரிய நியூட்ரினோவைப் பிடித்த ரேமண்ட் டேவிஸுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சுரங்கமும் எங்களுடையது மூடிய காலத்தையொட்டித்தான் மூடப்பட்டது. அங்கும் பம்புகளை நிறுத்தி நீர் ஏறியது. ஆனால் 2008இலிருந்து நீரை இறைத்து வெளியேற்றி, ஆய்வுக்கூடமாக்கினார்கள். டியூன் என்ற பெரும் நியூட்ரினோ ஆய்வுக்காக ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 8 லட்சம் டன் பாறையை வெட்டி எடுத்து, 2024இல் அந்த வேலையை முடித்தார்கள். ஆண்டுதோறும் ஊர்மக்களுக்காக 'நியூட்ரினோ நாள்' என்று ஒரு திருவிழாவே நடத்துகிறார்கள்.

தங்கவயலையும் இறைத்துத் திறங்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்று கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்தில் கால் நூற்றாண்டாகத் தேங்கிய நீரும், இற்றுப்போன தாங்குமரங்களும் என்ன செய்யும் என்று சுரங்கக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். நான் கேட்பதற்குப் பெரிய செலவு இல்லை.

அந்த அறைகளில் வேலை செய்தவர்களைத் தேடி வாருங்கள். அவர்கள் பேச்சை அவர்கள் தமிழிலேயே, தெலுங்கர்களானால் தெலுங்கில், கன்னடர்களானால் கன்னடத்தில் பதிவு செய்யுங்கள். யார் எந்த ஷிப்டில் இருந்தார், எந்தப் பெட்டியை எப்படி இறக்கினார் என்று பெயரோடு எழுதுங்கள். அப்பாவோடு சயின்ஸ் ரூமுக்குப் போனவர்களில் எனக்குத் தெரிந்து இன்று இருப்பது மூன்றே பேர். ஒருவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. இன்னும் ஐந்து வருடம் பொறுத்தால் கேட்க ஆளிருக்காது. பதிவு செய்த பிறகு, உங்கள் உரைகளில் தங்கவயல் படம் வரும்போது அந்தப் பெயர்களில் நாலையாவது திரையில் போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் வந்து பேசுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் தாத்தா எதைச் சுமந்தார் என்று தெரியட்டும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. மலை, நீர், காடு பற்றிய அவர்கள் கவலைக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நியூட்ரினோ என்ற பெயரைக் கேட்டே பயந்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆய்வுக்கு மேலேயே குடியிருந்து, பிள்ளை பெற்று வளர்த்த ஒரு ஊர் இந்த நாட்டில் இருக்கிறது. 'நானும் கூடத்தான் இறக்கினேன், பாருங்கள் இருக்கிறேன்' என்று சொல்ல எங்கள் பெரியவர்களை அழைத்துப் போயிருக்கலாம். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் அப்படி ஆட்கள் இருப்பதே ஏட்டில் இல்லை.

வருவதானால் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயில் இருக்கிறது. நானே கூட்டிப்போகிறேன். காலையில் வந்தால் நல்லது. மதியத்துக்கு மேல் அப்பாவுக்கு இருமல் கூடிவிடும், பேச்சு நின்று நின்று வரும். பித்தளை வில்லை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கடைசி ஷிப்டில் திருப்பிக் கேட்கவில்லையாம்.

இப்படிக்கு,
தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள்,
அல்சூர், பெங்களூர்