ரங்கூன் வாசகர் வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு 11 முறை கூடினோம். கரண்ட் வரும் நேரம் பார்த்து வைத்ததில் இரண்டு கூட்டம் விடியற்காலை 6 மணிக்கு நடந்தது. வந்தவர்கள் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுத்தான் பேசவே தொடங்கினார்கள்.

ஆண்டு முழுக்க எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே: கதையில் வரும் ஆள் உயிரோடு நடமாடுவது எப்படி? முதல் மூன்று மாதம் வீண் என்பேன். உயரம், நிறம், மீசை என்று அடையாள அட்டைபோல் எழுதி வந்தோம். பேச்சோ சீரியல் தமிழ்; நம் தெருவில் பர்மியச் சொல் கலக்காமல் யார் பேசுகிறார்? பெயர் வைப்பதிலேயே ஒரு மாலை போயிற்று. அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம்; பெயரில்லாத தலைவிதானே இன்றும் நம்மைக் கலங்க வைக்கிறாள் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். பிறகு அதே நூலின் மெய்ப்பாட்டியலைப் படித்தோம். நகை, அழுகை, இளிவரல் முதலாக எட்டு. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு.

ஜூலையில் வாசித்த கதையைப் பதிவு செய்தாக வேண்டும். காலம் 1964; பர்மாவில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போன சமயம். முதல் பிரதியில் அப்பத்தா "ஆறாத் துயரில் ஆழ்ந்தாள்". கேட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருத்திய பிரதியில் அரிசிப் பானைக்குள் கைவிட்டு நோட்டுக்கட்டை எடுக்கிறாள், ஒட்டிய தவிட்டை ஊதுகிறாள், எச்சில் தொட்டு எண்ணுகிறாள், திரும்ப அரிசிக்குள்ளேயே புதைக்கிறாள். "எங்க வீட்டுல ஏதுடி நூறு ரூவா நோட்டு?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சிரிக்கிறாள். செல்லாத நோட்டை எதற்கு ஒளிக்க வேண்டும்? கதையில் பதில் இல்லை. இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாளா, மகனை மட்டும் அனுப்பினாளா என்று எங்களுக்குள் சண்டை. பஸ் நிறுத்தம் வரை ஓயவில்லை. கடைசிப் பத்தியில் அவள் மகனுக்கு நீளமாகப் புத்தி சொன்னாள். "அப்பத்தா அப்படியெல்லாம் பேச மாட்டாங்க" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் மறித்தார்கள். எழுதிய தங்கை அந்தப் பத்தியை அங்கேயே அடித்துவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜெராக்ஸ் செலவுதான் அதிகம். அதில் பாதி என் கதைக்கு, அதை யாரும் முழுக்கப் படிக்கவில்லை.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிடவும்.

செயலாளர்