கோனுக்கு நடுவில ஓடுற ரேஸ்: தம்பிக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
செப்ரெம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில எல்லாரும் சுகம் எண்டு அம்மா போனில சொன்னா. இங்கயும் சுகம். காலமையில குளிர் துவங்கிட்டு. நீ கேட்டதுக்குப் போனில பதில் சொன்னா அரைவாசி விட்டுப்போகும், அதுதான் எழுதுறன். ஸ்போர்ட்ஸ் காரை வச்சுக்கொண்டு பார்க்கிங்குல கோனை, அதுதான் றோட்டு வேலைக்கு வைக்கிற பிளாஸ்ரிக் கூம்பை, சுத்துறதெல்லாம் ஒரு ரேஸா எண்டுதானே கேட்டாய்?

ரேஸ்தான், ஆனா பக்கத்தில வேற கார் ஓடாது. பெரிய தார்த்தளத்தில கோன் வச்சுப் பாதை போடுவாங்க. ஒவ்வொரு காராத்தான் விடுவாங்க. லைற் பீமை வெட்டிப் புறப்பட்டு, மற்றப் பீமை வெட்டி முடிக்கவேணும். நேரம் செக்கனில ஆயிரத்தில ஒரு பங்கு வரைக்கும் பதியும். ஒரு ஓட்டம் ஒரு நிமிசம் அளவில முடியும். ஒருத்தருக்கு நாலு முதல் ஆறு ஓட்டம், அதில நல்ல ஒண்டுதான் கணக்கு. அமெரிக்காவில ஆட்டோகிராஸ் எண்டும், ஒன்ராறியோவில ஆட்டோஸ்லாலம் எண்டும் சொல்லுவாங்க.

அமெரிக்கக் கார் ஓட்டக் கழகமான எஸ்சிசிஏயிட சட்டத்தில, கோன் விழுந்தாலோ, அதைச் சுத்திச் சோக்கால கீறின பெட்டிக்கு முழுசா வெளியில போனாலோ 2 செக்கன் கூட்டுவாங்க. தட்டுப்பட்டும் நிமிந்து நிண்டு, அடி கொஞ்சமாவது பெட்டிக்குள்ள இருந்தா தண்டனை இல்லை. பாதையை விட்டு வேற பக்கத்தால போனா அந்த ஓட்டமே கணக்கில்லை. வெற்றி தோல்வி பத்தில ஒரு செக்கனில தீருற ஆட்டத்தில 2 செக்கன் எண்டா என்னெண்டு யோசிச்சுப் பார். நிமிந்து நிக்கிற கோனுக்குப் பக்கத்தில படுத்துக்கிடக்கிற கோன் வழிகாட்டி. அதிட நுனி எந்தப் பக்கம் காட்டுதோ, நிமிந்த கோனிட அந்தப் பக்கத்தாலதான் கார் போகவேணும்.

என்ட கார் மஸ்டா எம்எக்ஸ்-5, 2 லீற்றர் எஞ்சின், பின்சில்லு இழுவை. ரெண்டாம் கியரில கிட்டத்தட்ட 90 வரைக்கும் போகும், அநேகமான பாதைக்கு அது காணும். முதலாம் கியர் புறப்பட மட்டும்தான். எஞ்சினுக்கு என்ன செய்யலாம் எண்டு கேட்டிருந்தாய். ஒண்டும் செய்யாதே. காசு இருந்தா ரயருக்குப் போடு. தெருக்கார் வகுப்பில ரயரிட தேய்மான எண் (எண் கூடினா ரயர் மெதுவாத் தேயும், பிடி பொதுவாக் குறையும்) 200க்குக் குறையக்கூடாது. பிரிட்ஜ்ஸ்ரோன் ஆர்ஈ-71ஆர்எஸ், யோக்கஹாமா ஏ052 மாதிரியான ரயர் அந்த 200 எண்ணோட வந்தாலும் பிடி ரேஸ் ரயருக்குக் கிட்ட இருக்கும். சாதாரண ரயரோட வந்த இருநூறு குதிரைச்சக்திக் காரை, நல்ல ரயர் போட்ட நூற்றைம்பது குதிரைச்சக்திக் கார் லேசா வெல்லும்.

காத்து விசயம் உன்ட தொழில். குளிரில 30 பிஎஸ்ஐ அளவில துவங்கு. ரயரிட தோள்பட்டையில சின்ன முக்கோண அடையாளம் இருக்கும், அதில சோக் பூசு. ஓட்டம் முடிய சோக் முக்கோண நுனிக்குக் கீழயும் அழிஞ்சிருந்தா காத்துக் குறைவு, ரயர் பக்கவாட்டில புரளுது. நுனிக்கு மேலயே சோக் மிஞ்சிக் கிடந்தா காத்துக் கூட. ரயர் சூடாக ரெண்டு மூண்டு பிஎஸ்ஐ ஏறும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இறக்கவேணும். ஏ052 கெதியாச் சூடேறிப் பிடியை விடும், அதுக்குத்தான் ஆக்கள் தோட்டத்துக்குத் தண்ணி அடிக்கிற பம்பைக் கொண்டுவந்து ரயரை நனைக்கிறாங்க. எலைன்மென்றில முன்சில்லுக்கு ஃபக்டரி போல்ற் விடுற அளவுக்கு நெகற்றிவ் கம்பர் (சில்லிட மேல்பக்கம் உள்ளுக்குச் சாயிறது), முன் ரோ (சில்லிட முன்பக்கம் உள்ளுக்கா வெளியாலயா பார்க்குது எண்டது) பூச்சியம், பின் ரோ கொஞ்சம் உள்ளுக்கு. பின் ரோ வெளியால இருந்தா பிறேக் பிடிக்கக்க வால் ஆடும்.

காலமை முதல் வேலை காரைச் சோதிக்கிறது. பற்றரி அசையக்கூடாது. சில்லுப் பெயாறிங் ஆடக்கூடாது. எண்ணெய் ஒழுகக்கூடாது. அக்சிலறேற்றர் விட்டவுடன திரும்பவேணும். பிறேக் பெடல் கல்லு மாதிரி நிக்கவேணும். காருக்குள்ள தண்ணிப் போத்தல், கால்மிதி விரிப்பு ஒண்டும் இருக்கக்கூடாது, பெடலுக்குக் கீழ உருளும். சில்லு நட்டை டோர்க் ரெஞ்சால 110 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கலாம். ஹெல்மெற்றில ஸ்னெல் மாதிரி ஏத்துக்கொண்ட பாதுகாப்பு முத்திரை வேணும், அதிலயும் பழைய வருசத்து முத்திரை எடுபடாது.

மறுகா பாதையை நடந்து பாக்கிறது. காரை விட இதுதான் முக்கியம், புது ஆக்கள் இந்த நேரத்தில நிண்டு கதைச்சுப்போட்டு ஓட்டத்தில வழி தவறுவாங்க. முதல் நடையில பாதையைப் பாடமாக்கு. ரெண்டாவதில ஒவ்வொரு வளைவிலும் எந்தக் கோன் உண்மையில வழியை அடைக்குது எண்டு பார், மிச்சமெல்லாம் அலங்காரம். மூண்டாவதில கார் இருக்கை உயரத்துக்குக் குனிஞ்சு பார், நிண்டா தெரியிற பாதை இருந்தா தெரியாது.

பிழை கூட நடக்கிறது ஸ்லாலத்தில, அதாவது வரிசையா நிக்கிற கோன்களை இடமும் வலமுமா மாறி மாறி வளைஞ்சு ஓடுற இடத்தில. கோனுக்குக் கோன் 45 அடியாவது இருக்கும். முதல் கோனுக்குப் பிந்தினா ரெண்டாவதில இன்னும் பிந்தும், நாலாவதில கோன் காருக்குக் கீழ. அதால முதல் கோனுக்கு முன்னமே கிறுகத் துவங்கு. கார் கோனுக்கு ஆகக் கிட்ட வாறது கோனைக் கடந்த பிறகா இருக்கவேணும். கண் ரெண்டு கோன் முன்னால நிக்கட்டும். வேகத்தை ஏத்தினா ரயர் ஏன் கேட்காது எண்டா, வளையத் தேவைப்படுற பிடி வேகத்திட வர்க்கமா ஏறும். 50க்குப் பதிலா 60இல அதே வளைவு எண்டா 44 வீதம் கூடப் பிடி வேணும், ரயரிட்ட அது கிடையாது. கார் நேரா மூக்கை நீட்டும். அப்ப ஸ்ரேறிங்கை இன்னும் கிறுக்கிறது வீண். அக்சிலறேற்றரை மெல்ல விட்டா முன்சில்லில பாரம் விழுந்து திரும்பப் பிடிக்கும். திடீரெண்டு விட்டா வால் சுத்தும். பிறேக்கை நேர்ப்பாதையில பலமாப் பிடிச்சு முடிச்சுப்போட்டுத்தான் வளையவேணும். சறுக்கல் தடுக்கிற சுவிச்சைச் சில செக்கன் அமத்திப் பிடிச்சு நிப்பாட்டு, இல்லாட்டி ஸ்லாலத்துக்கு நடுவில அது எஞ்சினை அடக்கும். இங்க ஸ்ரேறிங் இடப்பக்கம், அதால வலப்பக்கக் கோன்தான் கூட விழும். இலங்கையில ஸ்ரேறிங் வலப்பக்கம், உங்களுக்கு இடப்பக்கக் கோனில கவனம்.

ஓடாத நேரம் சும்மா இருக்கேலாது. அரைவாசிப் பேர் ஓட, மிச்சப் பேர் பாதையில நிண்டு விழுந்த கோனைத் திரும்பப் பெட்டிக்குள்ள வச்சு, அறிவிச்சு, ஆபத்தெண்டா சிவப்புக்கொடி காட்டவேணும். காருக்கு முதுகு காட்டி நிக்கக்கூடாது. ஒண்டு அம்மாவுக்குச் சொல்லாதே: இந்த ஓட்டத்தில கார் உடைஞ்சா இன்சூரன்ஸ் காசு தராது. குளிர்காலத்தில எல்லாம் நிக்கும். இந்த ரயர் 7 பாகைக்குக் கீழ இறுகிப் பிடி விடும், உறைநிலைக்குக் கீழ உருட்டினா வெடிப்பு விழவும் கூடும். கழட்டி வீட்டுக்குள்ளதான் வைக்கவேணும்.

நீயும் உன்ட கூட்டாளிமாரும் செய்யலாமா எண்டா, செய்யலாம், றோட்டில மட்டும் வேண்டாம். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி மில்லுகளில நெல் காயப்போடுற சீமெந்துக் களம் இருக்குதானே, அறுவடை இல்லாத மாதத்தில முதலாளியிட்டக் கேட்டுப் பாருங்க. முழுப் பாதைக்கு அது காணாது, ஆனா 15 மீற்றர் இடைவெளியில ரெண்டு கோன் வச்சு எட்டுப் போடலாம், பிறேக் பழகலாம். முதல்ல வடிவாக் கூட்டுங்க. சீமெந்தில கிடக்கிற நெல்லும் மணலும் சில்லுக்குக் கீழ உருளைக்குண்டுதான். மதில், தூண், விளக்குக் கம்பத்துக்கு 25 அடிக்குள்ள பாதை வரக்கூடாது, சனம் அதை விடத் தூர. ஆல்ற்றோ, விற்ஸ், ஸ்விஃப்ற் எதுவும் ஓடலாம். வேனும் முச்சக்கரவண்டியும் வேண்டாம். இடது வலது சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலத்துக்கு உயரம் மிச்சம் கூடின வாகனம் சறுக்கிறதுக்குப் பதிலாப் புரளும்.

களத்திட நீளம் அகலத்தையும், தூண் இருந்தா அது நிக்கிற இடத்தையும் அளந்து ஒரு படம் கீறி அனுப்பு. கோன் எங்கெங்க வைக்கிறது எண்டு அதில குறிச்சு அனுப்புறன். அம்மாட கண் மருந்துக்குக் காசு இந்தக் கிழமை போடுறன், கிடைச்சதும் சொல்லு.

அன்புடன்,
அண்ணா