காய்ச்சலின் முதல் இரண்டு நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குடியாத்தம், பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது காய்ச்சலும் இருமலுமாக யாரேனும் படுத்திருப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். "மழைக் காய்ச்சல்தானே, மூன்று நாளில் போய்விடும்" என்று சொல்கிறோம். பெரும்பாலோருக்கு அது அப்படியே பலித்துவிடுவதால், பலிக்காத சிலர் நம் கண்ணில் படுவதில்லை.

என் அக்காவுக்குச் சென்ற ஆண்டு அது பலிக்கவில்லை. அறுபத்தெட்டு வயது, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவருக்கு, மாலையில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலியும் கடுங்காய்ச்சலும் வந்தன. பக்கத்து மருந்துக் கடையில் 'ஒரு செட்' வாங்கிவரச் சொன்னார். சிறிய காகித உறையில், பெயர் தெரியாதபடி பட்டையிலிருந்து பிரித்துப் போட்ட நான்கு மாத்திரைகள். மூன்று நாள் அதையே விழுங்கியவருக்கு நான்காம் நாள் மூச்சிரைக்கவே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. மீதமிருந்த மாத்திரைகளைப் பார்த்த மருத்துவர், அவற்றில் ஒன்று ஆண்டிபயாடிக், மற்றொன்று சர்க்கரையை ஏற்றிவிடும் ஸ்டீராய்டு என்றார். பரிசோதனையில் வந்தது இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃபுளூ காய்ச்சல். பத்து நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார்.

இன்ஃப்ளூயன்சா வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆண்டிபயாடிக் அதைத் தொடக்கூட முடியாது. பின்னால் நுரையீரலில் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்துகொண்டால் மட்டுமே அது தேவைப்படும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் எச்3என்2 வகை ஃபுளூ காய்ச்சல் நாடெங்கும் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே, தேவையின்றி ஆண்டிபயாடிக் எழுத வேண்டாம் என்று தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. ஃபுளூவுக்கென்றே உள்ள ஓசெல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. ஆனால் முதியோர், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், சர்க்கரை, இதயம், ஆஸ்துமா நோயாளிகள் ஆகியோர் காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாட்களுக்குள் மருத்துவரிடம் போய்விட வேண்டும். அந்த இரண்டு நாட்களைத்தான் 'செட்' மாத்திரை தின்றுவிடுகிறது. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அதைக் குடித்துக்கொண்டே நாளைக் கடத்த வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இதே பருவத்தில் டெங்குவும் இருப்பதால், என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கேட்டு வாங்கக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தடுமாறிய பேச்சு, குழந்தை பால் குடிக்க மறுப்பது, விட்ட காய்ச்சல் திரும்பி வருவது இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இன்ஃப்ளூயன்சா வைரஸ் அடிக்கடி உருமாறுவதால் அதற்கான தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. போட்ட பின் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே போட்டுக்கொள்வது நம் பகுதிக்குப் பொருந்தும். ஆனால் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள் ஆண்டுதோறும் காசு கொடுத்துத் தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. எந்தத் தெருவில் யாருக்கு என்ன நோய் என்பது அந்தப் பணியாளர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதே பட்டியலில் உள்ள முதியோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புரட்டாசி மாதத்தில் இத்தடுப்பூசியை இலவசமாகப் போடவும், மருந்துச் சீட்டின்றிப் பிரித்த மாத்திரைகளை உறையிலிட்டு விற்பதைத் தடுக்கவும் வேலூர் மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் ஆவன செய்ய வேண்டும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்றத் தொடங்கி, பின்னும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும் நோய் இது என்பதால், அரையாண்டுத் தேர்வு நேரத்தில் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளைத் திருப்பியனுப்பி, அவர்களுக்குப் பின்னர் தேர்வெழுத வாய்ப்பளிக்குமாறு பள்ளித் தலைமையாசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.