பழைய வண்டிக்கும் ஒரு பம்ப் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

20 சதவீத எத்தனால் (கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலந்த பெட்ரோலைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வண்டியே நாசம் என்கிறார்கள், மீதிப் பேர் ஒன்றுமே ஆகாது என்கிறார்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஏடாகூடமாகத் தானே பற்றிக்கொண்டால் இன்ஜின் தட்டும், அப்படித் தட்டாமல் தாங்குகிற திறனுக்குத்தான் ஆக்டேன் எண் என்று பெயர். அந்த எண்ணைக் கூட்டுவதற்காகப் பல பத்தாண்டுகள் ஈயத்தைக் கலந்து, குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்த விஷத்தைத் தெருவெல்லாம் ஊதித் தள்ளினோம், நம் நாட்டில் அது முழுதாக நின்றது 2000-ல்தான். எத்தனாலின் ஆக்டேன் 108-க்குப் பக்கம், அதனால் ஈயம் இல்லாமலே நம் பெட்ரோல் இன்று 95-ஐத் தொடுகிறது. தவிர, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிபொருள் நன்றாக எரிந்து கார்பன் மோனாக்சைடு குறைகிறது. இருசக்கர வண்டியில் 50 சதவீதம், காரில் 30 சதவீதம் வரை குறையும் என்று மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில் அப்படித் தெளிவான குறைவு இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

சரி, இதில் பழைய வண்டிக்காரருக்கு என்ன கிடைக்கிறது? கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்த அதிக அழுத்தத்துக்கு வடிவமைத்த இன்ஜின் வேண்டும், பத்து வருடத்துக்கு முந்தைய கார்புரேட்டர் பைக்குக்கு 95 வந்தாலும் ஒன்றுதான், 91 வந்தாலும் ஒன்றுதான். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அந்த நஷ்டம் மட்டும் தவறாமல் வந்து சேரும். பழைய இருசக்கர வண்டியில் 3 முதல் 4 சதவீதம், காரில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று எழுதியதும் அந்த அறிக்கைதான். அப்புறம் எத்தனால் பட்டுக் கெடும் ரப்பர் ஹோஸ், வாஷரை மாற்றுகிற செலவு வேறு. புதிய வண்டியில் காற்றும் எரிபொருளும் சேரும் அளவைச் சரிசெய்ய சென்சார் இருக்கிறது, புகையைச் சுத்தம் செய்யவும் கருவி இருக்கிறது, ஆக எத்தனாலால் புகை அதிகம் குறைவது பழைய வண்டிகளில்தான். ஊருக்குக் காற்றைச் சுத்தமாக்கித் தருகிறவரே செலவையும் சுமக்க வேண்டுமா?

மைலேஜ் இழப்பை ஈடுகட்ட வரிச் சலுகை தரலாம் என்று அந்த அறிக்கையே பரிந்துரைத்தது, விலைப் பலகையில் அதன் அடையாளத்தையே காணோம். 20 சதவீதக் கலவைக்கேற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில். அதற்கு முன் வாங்கியவர்களுக்காக ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் 10 சதவீதக் கலவைக்கு ஒரு பம்ப் ஒதுக்குங்கள், எந்தக் குழாயில் எத்தனை சதவீதம் என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அது முடியாது என்றால் லிட்டருக்கு அந்த 3, 4 சதவீதத்தையாவது விலையில் குறையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு