அந்த ஆங்கில வகுப்பைப் பற்றி

கிளமெண்டி, சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லையா? போனில் நீங்கள் "இங்கிலீஷ்ல ஃபெயிலாம்மா?" என்று கேட்டது மனதிலேயே நிற்கிறது. அப்போது சரியாக விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஃபெயில் இல்லை அப்பா. இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் சேருகிறவர்களில், அவர்கள் கேட்கும் ஆங்கிலத் தகுதி இல்லாதவர்கள் க்யூஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். யாரையும் வெளியே அனுப்புவதற்கான தேர்வு இல்லை அது. எழுதியதைப் பார்த்து, சிலருக்கு வகுப்பே வேண்டாம் என்கிறார்கள், சிலரை இஎஸ்1103 என்ற ஆங்கில வகுப்புக்கும், சிலரை அதற்கு முந்தைய, அடிப்படை வகுப்பான இஎஸ்1000-க்கும் அனுப்புகிறார்கள். எனக்கு இஎஸ்1000. இதை முடித்துவிட்டு 1103.

வகுப்பில் வியட்நாம், சீனா, இந்தோனேசியா என்று பல நாட்டுப் பிள்ளைகள். பள்ளியில் கட்டுரை என்றால் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்வோம், ஞாபகம் இருக்கிறதா? இங்கே ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராக எழுதியதைக் கொடுத்து, நீ என்ன நினைக்கிறாய், ஏன் என்று கேட்கிறார்கள். அடுத்தவர் கருத்தை என் வாக்கியத்தில் எழுதினாலும், யாருடையது என்று குறிப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திருட்டுதான். ஆசிரியை தனியாக உட்கார வைத்து, "இந்தப் பத்தி எதற்காக இங்கே இருக்கிறது?" என்று கேட்பார். இலக்கணம்கூடச் சமாளித்துவிடலாம், இந்தக் கேள்விக்குத்தான் திணறுகிறேன். ஆனால் இதுதான் ரொம்பப் பிடித்தும் இருக்கிறது.

என் அறைத்தோழி இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். 1987 முதல் இங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம்தான் முதல் மொழி, தமிழ் ஒரு பாடம் மட்டும். ஏ லெவலில், அதாவது நம் பிளஸ் டூ மாதிரியான தேர்வில், ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலத் தாளை எழுதி வந்தவள், அவளுக்கு இந்தத் தேர்வே இல்லை. தயவுசெய்து அவளோடு என்னை ஒப்பிடாதீர்கள்.

எல்லா இடத்திலும் இப்படித் தேர்வு வைத்துப் பிரிப்பதில்லை. அமெரிக்காவில் மிச்சிகனில் உள்ள கிராண்ட் வேலி பல்கலைக்கழகத்தில், எந்த எழுத்து வகுப்பு வேண்டும் என்று மாணவர்களே தேர்ந்தெடுக்கும் முறையை 1990-களில் கொண்டுவந்தார்களாம். மரியாதையான முறைதான். ஆனால் மார்க்கையே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள், கீழ் வகுப்பு என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நேராக மேல் வகுப்பையே கேட்போம் அப்பா. எனக்கு ஒருவர் பார்த்துச் சொன்னதே நல்லது.

அத்தை கேட்டால் இப்படியே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். அடுத்த கட்டுரையை ஆசிரியை எழுதும் குறிப்புகளோடு அனுப்புகிறேன், தம்பியை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
கவிதா